சிம்னி இருக்குது, மில்லக் காணோம்

"அம்மணி, சிம்னி இருக்குது, மில்லக் காணோமே?"

காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏழு மைல் தள்ளி, மொனொங்கஹேலா நதிக்கரையில் இருக்கும் ஹோம்ஸ்டெட். இப்போது அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதி. சினிமா, செருப்புக்கடை, உணவகங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கார் நிறுத்துமிடம். அதன் ஓரத்தில் பன்னிரண்டு செங்கல் சிம்னிகள் வரிசையாக நிற்கும். கீழே உலை இல்லை, கூரை இல்லை, புல்தரை மட்டும். அப்பா ஒவ்வொன்றாக எண்ணினார். அப்புறம் திரும்ப ஒருமுறை எண்ணினார்.

அப்பா கோவையில் ஒரு ஃபவுண்டரியில் 34 வருடம் வேலை பார்த்தவர். மோல்டிங்கில் சேர்ந்து, மணல் பிசைந்து, கடைசிப் பதினைந்து வருடம் குப்போலா உலையடியில் நின்றவர். வலது முன்கையில் உருகிய இரும்பு தெறித்த தழும்புகள் கம்பு விதைத்த மாதிரி இருக்கும். அமெரிக்கா வந்தால் எதைப் பார்க்க ஆசை என்று கேட்டேன். நயாகராவைச் சொல்வார் என்று நினைத்தேன். "கார்னகி மில்லு" என்றார். சங்கத்து வகுப்பில் யாரோ எப்போதோ சொன்ன ஒரு பெயர் அவர் மனதில் நாற்பது வருடமாக இருந்திருக்கிறது.

கார்னகி என்ற பெருமுதலாளியின் எஃகு ஆலை இருந்த இடம்தான் இந்த ஹோம்ஸ்டெட். மில் 1986இல் மூடப்பட்டது. அந்தச் சிம்னிகள் பிற்காலத்தவை, பெரிய வேலைநிறுத்தம் நடந்த 1892இல் இருந்தவை இல்லை. 1892இலிருந்து நிற்பது கொஞ்சம் தள்ளி, சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் பம்ப் ஹவுஸ். சிவப்புச் செங்கல் கட்டடம், ஆற்றைப் பார்த்த மாதிரி. "அங்க கூட்டிட்டுப் போறேனுங்ப்பா" என்றேன். நானும் அன்றுதான் அங்கே முதல்முறை போனேன். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போகாததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த நாள்.

1892 ஜூலை 6, விடியற்காலை நாலு மணி. இருட்டில் இரண்டு பெரிய படகுகளை ஒரு சிறிய நீராவிப் படகு ஆற்றின் மேல்நோக்கி இழுத்து வருகிறது. உள்ளே 300 பேர். ஆலை நிர்வாகம் வரவழைத்த, பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள். கரையில் விசில் ஊதுகிறது. ஊரே எழுந்து ஓடி வருகிறது. ஆண்கள், பெண்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பிள்ளைகள். ஆலையைச் சுற்றி மூன்று மைல் நீளத்துக்கு எழுப்பியிருந்த பலகை வேலியைப் பிய்த்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்குகிறார்கள். யார் முதலில் சுட்டது என்பதில் இரு தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வரை சண்டை. இழுத்து வந்த படகு போய்விட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு முன்னாலும் போக வழி இல்லை, பின்னாலும் இல்லை. ஆற்றில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தப் பார்த்தார்கள். டைனமைட் வீசினார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்துப் பழைய பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டார்கள். கடைசியில் படகிலிருந்து வெள்ளைக்கொடி. தொழிலாளர் தரப்பில் ஏழு பேர், பிங்கர்ட்டன் தரப்பில் மூன்று பேர் இறந்ததாகத்தான் பெரும்பாலும் கணக்குச் சொல்வார்கள்.

சரணடைந்தவர்களை ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போனபோது இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் அவர்களை அடித்து நொறுக்கியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த 300 பேரில் நிறையப் பேர் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்து, ஏதோ காவல் வேலை என்று கையெழுத்துப் போட்டவர்கள். எங்கே போகிறோம் என்றே பலருக்குத் தெரியாது.

"வேலைக்காக வந்தவன வேலைக்காக நின்னவன் அடிச்சிருக்கான்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் பேசவில்லை.

சண்டையின் காரணத்தைச் சொன்னபோது அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஹோம்ஸ்டெட்டில் திறன் தொழிலாளர்களின் கூலி எஃகின் சந்தை விலையோடு ஏறி இறங்கும். விலை எவ்வளவு விழுந்தாலும் கூலிக் கணக்குக்கு டன்னுக்கு 25 டாலர் என்று ஒரு தரை வைத்திருந்தார்கள். 1889இல் ஒரு வேலைநிறுத்தத்தில் ஜெயித்து வாங்கிய மூன்று வருட ஒப்பந்தம் அது. 1892 ஜூன் 30இல் முடிகிறது. நிர்வாகம் தரையை 22க்கு இறக்கச் சொன்னது, அப்புறம் 23 என்றது. சங்கம் 24 வரை இறங்கியது. ஒரு டாலர்தான் இடைவெளி. கூடவே இன்னொரு நிபந்தனை: இனி ஒப்பந்தம் ஜூனில் முடியக் கூடாது, டிசம்பரில் முடிய வேண்டும்.

இதைக் கேட்டதும் அப்பா நின்றுவிட்டார். "அதுதான் அம்மணி விசயம். டாலர் இல்ல. மார்கழிக் குளுர்ல கதவடைச்சா எவன் பொண்டாட்டி பிள்ளைகளோட ஒரு மாசம் தாங்குவான்?"

நான் படித்தது ஆறு மாதம். அப்பா அரை நிமிடத்தில் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

நிர்வாகத்தை நடத்தியவர் ஹென்றி கிளே ஃப்ரிக். ஆலை ஆண்ட்ரூ கார்னகியுடையது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். அவரே குடியேறிதான். கார்னகியின் அப்பா ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லைன் ஊரில் கைத்தறி நெசவாளர். நீராவித் தறி வந்து பிழைப்புப் போய், 1848இல் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். சிறுவன் கார்னகிக்கு இங்கே கிடைத்த முதல் வேலை பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றுவது, வாரத்துக்கு ஒரு டாலர் இருபது சென்ட். கைத்தறியைத் தொழிற்சாலை விழுங்கும் கதையை ஈரோட்டுப் பக்கமோ சேலத்துப் பக்கமோ இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டிலிருந்து வந்த பையன் 1886இல் ஒரு பத்திரிகையில் எழுதினார்: நல்ல தொழிலாளர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, அடுத்தவனின் வேலையை எடுத்துக்கொள்ளாதே என்பது அது. ஆறே வருடத்தில் அவருடைய ஆலையைச் சுற்றி முள்கம்பி வைத்த வேலி. ஊர்க்காரர்கள் அதற்கு ஃப்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

என்னைப் பிடித்து உலுக்கியது கூலிக் கணக்கோ துப்பாக்கிச் சண்டையோ இல்லை. அந்தக் கரையில் நின்றது யார் என்பதுதான்.

ஆலையில் மொத்தம் 3,800 பேர் போல. சங்கத்தில் உறுப்பினர்கள் 800 பேர் அளவுக்குத்தான். சங்கம் திறன் தொழிலாளர்களுடையது. உருட்டாலையை இயக்குபவர்கள், உலையில் பதம் பார்ப்பவர்கள். பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, ஜெர்மனி வழி வந்தவர்கள். கூலிக்குறைப்பு நேரடியாகத் தொட்டது அவர்களிலும் 325 பேரைத்தான். மீதி மூவாயிரம் பேர் சுமை தூக்குபவர்கள், கசடு அள்ளுபவர்கள், மணிக்கு 14 சென்ட் வாங்குபவர்கள். அவர்களில் ஏராளமானோர் ஸ்லோவாக்கியர்கள். அப்போது ஹங்கேரி ராஜ்ஜியத்தின் குடிமக்கள் என்பதால் ஊர் அவர்களை "ஹங்கி" என்று இளக்காரமாகக் கூப்பிட்டது. சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய கூலிக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடக் கிடையாது.

அவர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆற்றங்கரைக்கும் வந்தார்கள். இறந்த ஏழு பேரில் ஜோசப் சோட்டாக், பீட்டர் ஃபாரெஸ் என்று இரண்டு பேர் ஸ்லோவாக்கியர்கள்.

இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தன்னைச் சேர்த்துக்கொள்ளாத சங்கத்துக்காக, தனக்கு ஒரு சென்ட் கூடக் கிடைக்காத கோரிக்கைக்காக ஒருவன் ஏன் போய் நிற்க வேண்டும்? அவன் ஊரே இது இல்லை. நாலு காசு சேர்த்து ஊருக்குத் திரும்பிப் போய் நிலம் வாங்கலாம் என்று வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அந்த எண்ணத்தோடு இங்கே வந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி வந்தவனுக்கு எதிலும் தலையிடாமல் இருப்பதுதான் லாபம். நான் ஒன்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்.

சரி, அந்தக் காலத்தில் எப்படி இந்த நாட்டுக்குள் வந்தார்கள் என்று தேடிப் போனேன். அங்கே கண்ணில் பட்டதுதான் 1885ஆம் வருடச் சட்டம்.

எங்களைப் போல எச்1பி விசாவில் வந்தவர்களுக்கு எல்லாமே முதலாளியின் கடிதம்தான். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார்: எந்த நிறுவனம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம்? வேலை கையில் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் உள்ளே. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். என் தோழி ஒருத்தி அந்த 60 நாளைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன்.

1885இல் சட்டம் தலைகீழாக இருந்தது. முன்கூட்டியே வேலை ஒப்பந்தம் போட்டு வெளிநாட்டுத் தொழிலாளியை அழைத்து வந்தால் அழைத்தவருக்கு ஆளுக்கு ஆயிரம் டாலர் அபராதம். நடிகர், பாடகர், வீட்டு வேலைக்காரர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அடுத்த சில வருடங்களில் சட்டம் இறுகி, அப்படி வந்தவரைத் திருப்பி அனுப்பவும் வழி செய்தார்கள். 1892 ஜனவரி முதல் தேதி எல்லிஸ் தீவு திறந்தது. அங்கே வரிசையில் நின்றவனிடமும் ஒரு கேள்வி: உனக்கு இங்கே வேலை காத்திருக்கிறதா? இருக்கிறது என்றால் ஒப்பந்தக் கூலி, திரும்பிப் போ. வேலை செய்ய வக்கு இல்லாதவன் போலத் தெரிந்தால் அரசுக்குப் பாரமாவாய், அப்போதும் திரும்பிப் போ. கையில் வேலை இருக்கக் கூடாது, ஆனால் எந்த வேலையும் செய்வேன் என்று காட்ட வேண்டும். சித்தப்பாவோ மச்சானோ முன்னமே வந்து ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பெரும்பாலும் அப்படித்தான் வந்தார்கள். உறவுக்காரர் அனுப்பிய கடிதம், அதற்குள் கப்பல் டிக்கெட்.

அந்தச் சட்டத்தில் ஒரு பாதிரியார் கூட மாட்டினார். நியூயார்க்கில் ஹோலி டிரினிட்டி என்ற தேவாலயம் இங்கிலாந்திலிருந்து ஒரு போதகரை ஒப்பந்தம் போட்டு அழைத்தது. ஒப்பந்தக் கூலிச் சட்டத்தில் வழக்கு. 1892 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் சொல் எப்படி இருந்தாலும் பாதிரிமாரைத் தடுப்பது காங்கிரஸின் நோக்கமாக இருக்க முடியாது என்று விடுவித்தது. இதைப் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவில் அன்னதானக் கூடத்தில், புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு அர்ச்சகரிடம் சொன்னேன். அவரும் மதப் பணியாளர் விசாவில் வந்தவர். "நூத்தி முப்பது வருஷம் முன்னாடியே எங்களுக்கும் சேர்த்து வாதாடிட்டாளா?" என்று ஆச்சரியப்பட்டார்.

இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது முதலாளிகள் இல்லை. நைட்ஸ் ஆஃப் லேபர் என்ற தொழிலாளர் அமைப்பு. அதிலும் முன்னால் நின்றது பிட்ஸ்பர்க்கின் ஜன்னல் கண்ணாடித் தொழிலாளர் கிளை. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. வேலைநிறுத்தம் நடக்கும்போது வெளிநாட்டிலிருந்து ஆள் இறக்கி, கப்பல் செலவைக் கூலியில் பிடித்துக்கொள்வது முதலாளிகளின் பழைய உத்தி. ஆனால் அந்தப் பயம் எங்கே போய் முடிந்தது என்றும் பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளர்களை நாட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்று 1882இல் சட்டம் வந்தது. 1885 செப்டம்பர் 2ஆம் தேதி வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளர்கள் சீனர் குடியிருப்பைக் கொளுத்தினார்கள். 28 சீனர்கள் இறந்தார்கள். கொளுத்தியவர்களில் பலர் தாங்களே கடல் தாண்டி வந்தவர்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஹோம்ஸ்டெட்டிலும் அந்தக் கறை உண்டு. ஜூலை 12இல் கவர்னர் அனுப்பிய 8,500 படைவீரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் காவலில் ஆலைக்குள் புது ஆட்கள் போனார்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள். சங்கங்களின் கதவு பெரும்பாலும் அவர்களுக்கு மூடியே இருந்தது. வேலைநிறுத்த நேரத்தில் மட்டும் ஆலைக் கதவு திறந்தது. நவம்பரில் ஊர்க்கூட்டம் அவர்கள் தங்கியிருந்த வீடுகளைத் தாக்கியது.

நம் ஊரில் இப்படி உள்ளே போகிறவனைக் கருங்காலி என்பார்கள். கோடரிக்குக் காம்பாகிற மரம். தன் இனத்தையே வெட்ட உதவுகிறவன் என்று பொருள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அப்பா ஒருமுறை 47 நாள் கதவடைப்பில் வீட்டில் இருந்தார். அம்மா கம்மலை அடகு வைத்தார். பக்கத்துத் தெரு மாமா ஒருவர் உள்ளே வேலைக்குப் போனார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அவருக்கு நாலு பெண் குழந்தைகள் என்பதை நான் பெரியவளான பிறகுதான் யோசித்தேன். பம்ப் ஹவுஸ் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவே அவர் பேச்சை எடுத்தார். "அவனையும் எங்கூட நிக்க வெச்சிருக்கணும். சங்கத்துல அவனுக்கு இடமே குடுக்கல நாங்க. கேசுவல்னு ஒதுக்கியே வெச்சிருந்தோம்." முப்பத்தைந்து வருடம் கழித்து அவர் வாயிலிருந்து இதைக் கேட்டேன்.

ஹோம்ஸ்டெட் தோற்றது. ஜூலை 23இல் அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற இளைஞர், ஆலைக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமே இல்லாதவர், ஃப்ரிக்கை அவருடைய அலுவலகத்தில் சுட்டுக் கத்தியாலும் குத்தினார். ஃப்ரிக் பிழைத்துக்கொண்டார். ஊர்மேல் இருந்த அனுதாபம்தான் கரைந்தது. தலைவர்கள்மேல் கொலை வழக்கு, தேசத்துரோக வழக்கு. ஜூரிகள் தண்டிக்க மறுத்தார்கள், ஆனால் ஜாமீன் கட்டியே சங்கம் காலியானது. நவம்பர் நடுவில், பனி இறங்க ஆரம்பித்ததும், கூலித் தொழிலாளர்கள் எங்களை வேலைநிறுத்தத்திலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று கேட்டார்கள். நாலரை மாதம் நின்றுவிட்டார்கள். நவம்பர் 20இல் சங்கம் ஓட்டெடுத்தது. வேலைக்குத் திரும்பலாம் என்று 101, வேண்டாம் என்று 91. முடிந்தது.

அதன்பின் 1937 வரை அந்த ஆலையில் நிர்வாகம் அங்கீகரித்த சங்கம் கிடையாது. பன்னிரண்டு மணி நேர வேலை நாள் 1923 வரை ஓடியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறும். மாறுகிற நாளில் ஒரு குழு தொடர்ந்து 24 மணி நேரம் உலையடியில் நிற்க வேண்டும். "லாங் டர்ன்" என்று பெயர். அப்பா பதினாறு மணி நேர டபுள் டூட்டி பார்த்தவர். "இருபத்தி நாலா?" என்று இரண்டு முறை கேட்டார். "கடைசி எட்டு மணி நேரத்துலதான் கை கால் போகும்" என்றார்.

அவர் சொன்னது கணக்கிலும் இருக்கிறது. பின்னால், 1906 ஜூலையிலிருந்து 1907 ஜூன் வரை ஒரே ஒரு வருடத்தில் இந்த அலெகெனி மாவட்டத்தில் வேலையிடத்தில் இறந்தவர்களைக் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற பெண் ஒவ்வொருவராகத் தேடிக் கணக்கெடுத்தார். 526 பேர். அதில் 195 பேர் எஃகு ஆலைகளில். அதே காலத்தில் மார்கரெட் பையிங்டன் ஹோம்ஸ்டெட்டில் வீடு வீடாகப் போய்ச் சோற்றுக் கணக்கும் வாடகைக் கணக்கும் எழுதினார். ஸ்லோவாக்கியர் வீடுகளில் ஒரே கட்டிலில் பகல் ஷிப்ட்காரன் எழுந்ததும் இரவு ஷிப்ட்காரன் படுப்பான். இத்தனை பேருக்கும் சமைத்து, துவைத்து, முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்தவள் அந்த வீட்டுப் பெண். வேலைநிறுத்தக் கதைகளில் அவள் பெயர் வருவதே இல்லை. இப்படி ஆள் ஆளாக எண்ணிய பிறகுதான் நிலைமை மெல்ல நகர்ந்தது. விபத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் பென்சில்வேனியாவில் 1915இல் வந்தது.

கார்னகி நிறுவனத்தின் லாபம் 1892இல் நாற்பது லட்சம் டாலர். 1900இல் நாலு கோடி. மறுவருடம் எல்லாவற்றையும் 48 கோடி டாலருக்கு விற்றார். உலகம் முழுக்க 2,500க்கு மேல் நூலகங்கள் கட்டக் காசு கொடுத்தார். ஹோம்ஸ்டெட் குன்றின் மேலும் ஒன்று, 1898இல் திறந்தது, உள்ளே நீச்சல் குளம், இசையரங்கம் எல்லாம் உண்டு. நான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கியதும் கார்னகி பணத்தில் எழுந்த ஒரு நூலகத்தில்தான். அந்த நூலகம் எனக்குப் பிடிக்கும். என் மகள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியது அங்கேதான். இருந்தாலும் பன்னிரண்டு மணி நேரம் உலையடியில் நின்றவன் எந்த நேரத்தில் குன்றேறி வந்து புத்தகம் எடுத்திருப்பான் என்று ஒவ்வொரு முறை படியேறும்போதும் தோன்றும்.

நான் ஏன் ஒன்பது வருடம் பம்ப் ஹவுஸ் பக்கம் போகவில்லை என்று சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் என் முதல் வேலை ஒரு ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்தது. ஒரு அலுவலகத்தில் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பழைய மென்பொருள். அதை 22 வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, வயது 58. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஆறு வாரம். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்று எங்கள் துறையில் சொல்வோம். அவருக்குத் தெரிந்தது எல்லாம் எனக்குத் தெரிந்ததும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால்தான் அவருக்குச் சேர வேண்டிய கடைசித் தொகை கைக்கு வரும்.

ஒரு நாள் கூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. மாதக் கடைசி இரவில் எந்தப் புரோகிராம் மக்கர் செய்யும், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று கையால் எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கடைசி நாளில் என்னிடம் கொடுத்தார். அவருடைய அப்பா ஹோம்ஸ்டெட் ஆலை மூடும்வரை அங்கே இருந்தவர். தாத்தா ஸ்லோவாக்கியாவிலிருந்து முதல் உலகப்போருக்கு முன்னால் வந்து அதே ஆலையில் கசடு அள்ளியவர். "ஹோம்ஸ்டெட் போனால் கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே, பம்ப் ஹவுஸைப் பார்" என்றார். தலையாட்டினேன். அன்று சாயங்காலம் அவர் ஒரு அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் இறங்கினார். நான் கதவு மூடும்வரை நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் என் விசா என்னாகும் என்று பயம். வீட்டுக்கடன் என்று ஒன்று ஊரில் இருந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னதே இல்லை.

அன்று பம்ப் ஹவுஸ் சுவரோரம் நின்று சொன்னேன். அந்த வார்த்தையை அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் பாலத்தின் நிழல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா நெம்பர் இருக்குதா?"

"இருக்குதுங்ப்பா."

"பேசினியா அப்புறம்?"

"இல்லீங்ப்பா."

"போட்டோ ஒண்ணு எடு. நான் இந்தக் கதவுகிட்ட நிக்கறேன். அவங்களுக்கு அனுப்பு. எங்கப்பனும் இரும்பு ஊத்துனவருதான்னு எழுது."

எடுத்தேன். அப்பா ஜிப்பாவுக்கு மேல் என் கணவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தழும்பு தெரிகிற மாதிரி கையை மடித்துவிட்டு, செங்கல் சுவரில் சாய்ந்து நின்றார். வண்டியில் உட்கார்ந்து எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று முறை எழுதி, மூன்று முறை அழித்தேன். கடைசியில் எழுதிவிட்டே அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. அவருடைய தாத்தாவுக்கும் அதே கையில், முழங்கைக்குக் கீழே, இதே மாதிரி தழும்புகள் இருந்தனவாம். ஆற்றுக் காற்று பொல்லாதது, உன் அப்பாவுக்கு இதைவிடக் கனமான கோட்டு ஒன்று வாங்கிக்கொடு என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றும் எழுதியிருந்தார்.

அப்பா இப்போது கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே போகும்போது கையில் என்ன கொண்டுபோவது என்று அம்மாவுக்கு வீடியோ காலில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.